இன்ஜின் ஆயில் மாற்றியாச்சா? டீலரிடம் விட்டுவிடுவதா, பக்கத்தில் நின்று பார்ப்பதா

சிங்கப்பூரின் சின் மிங்கில் நான் வண்டி கொடுக்கும் பட்டறையில் ஒரு தமிழ்த் தம்பி வேலை செய்கிறார். மலேசியாவின் ஜொகூர் பாருவிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வந்து போகிறவர். புது ஆயில் பில்டரை மாட்டும் முன் அதன் மேல் வெள்ளைப் பெயின்ட் பேனாவால் தேதியும் கிலோமீட்டரும் எழுதிவிடுவது அவர் வழக்கம். யாரும் கேட்க வேண்டியதில்லை, அவராகவே எழுதுவார்.

ஒரு நாள் வண்டியை லிஃப்ட்டில் ஏற்றியவர், "அக்கா, கொஞ்சம் இங்க வாங்க" என்று கூப்பிட்டார். தலைக்கு மேலே தொங்கிய வண்டியின் அடியில் டார்ச் அடித்துக் காட்டினார். பில்டரின் மேல் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்திருந்தன. அவர் கட்டைவிரலால் துடைத்ததும் வெள்ளை எழுத்து தெரிந்தது. அது அவர் கையெழுத்தேதான். தேதி 14 மாதத்துக்கு முந்தையது.

இடையில் ஒரு சர்வீஸை நான் டீலரிடம் செய்திருந்தேன். சலுகைக் கூப்பன் வந்ததால் போனேன். அந்த ரசீதில் "ஆயில் பில்டர் 1" என்று தனி வரி இருந்தது, அதற்குக் காசும் கட்டியிருந்தேன். ஆயில் மாற்றியிருக்கலாம். பில்டரைத் தொடவே இல்லை.

டீலரை அழைத்தேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். தங்கள் பதிவில் பில்டர் மாற்றியதாக இருக்கிறது என்றார்கள். படம் அனுப்பினேன். அடுத்த முறை பில்டர் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்றார்கள். அதற்கு மேல் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வண்டியை எடுத்து வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அவர்கள் வாசலைத் தாண்டும் முன் குனிந்து பார்த்திருந்தால் அன்றைக்கே பேசி முடித்திருக்கலாம்.

ஆகவே, ஆயில் மாற்ற எங்கே போவது என்று யாராவது கேட்டால் நான் முதலில் விலையைப் பார்ப்பதில்லை. வேலை நடந்ததா என்பதை நான் பார்க்க முடியுமா, எப்போது பார்க்க முடியும், தப்பு என்றால் யாரைப் பிடிப்பது, இந்த மூன்றையும்தான் பார்க்கிறேன். கீழே உள்ள ஒப்பீடும் அந்த அளவுகோலில்தான்.

சிங்கப்பூரில் இதற்கு இவ்வளவு கவலை தேவையா என்று தோன்றலாம். தேவைதான். இங்கே காரைவிட அந்தக் காரை வைத்திருக்கும் உரிமைக்கு நாம் கொடுக்கும் விலை பெரிது. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான பி பிரிவு வாகன உரிமைச் சான்றிதழ் 150,001 வெள்ளியைத் தொட்டது. சிறிய கார்களுக்கான ஏ பிரிவு 106,000 வெள்ளி. 10 ஆண்டு முடிந்ததும் பலர் சான்றிதழை இன்னும் 5 ஆண்டுக்கோ 10 ஆண்டுக்கோ புதுப்பிக்கிறார்கள். அவ்வளவு பணம் கட்டிய பிறகு இன்ஜின் காலை வாரிவிட்டால் அந்த இழப்பு யாருக்கும் தாங்காது. கட்டாய வாகனச் சோதனையில் தேறிவிட்டது, அதனால் இன்ஜின் நன்றாகத்தான் இருக்கும் என்று நினைப்பவர்களும் உண்டு. அந்தச் சோதனை பிரேக், விளக்கு, புகை போன்றவற்றுக்கானது. உங்கள் பில்டர் எத்தனை மாதப் பழசு என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை.

டீலரிடம் கொடுத்துவிட்டு நம்பி இருப்பது

புதுக் கார் வாங்கியவர்களில் பெரும்பாலோர் செய்வது இதுதான். காலையில் லெங் கீ சாலையிலோ உபியிலோ சாவியைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவார்கள், அல்லது மேலே குளிரூட்டிய அறையில் காப்பி குடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். கழுவித் துடைத்த வண்டி திரும்பி வரும்.

டீலரின் பலம் உண்மையான பலம். உங்கள் இன்ஜினுக்கு எந்த ஆயில், எந்த பில்டர், போல்ட்டுக்கு அடியில் போடும் எந்த வாஷர் என்பதில் அவர்களுக்குக் குழப்பம் கிடையாது. தயாரிப்பாளர் திரும்ப அழைத்துச் சரிசெய்யச் சொன்ன பாகம் ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்துப் பார்த்துவிடுவார்கள். சர்வீஸ் வரலாறு ஒரே இடத்தில் இருப்பது வண்டியை விற்கும்போது உதவும்.

பலவீனம், நீங்கள் பேசும் ஆள் வேறு, வேலை செய்யும் ஆள் வேறு என்பது. முன்மேசையில் இருக்கும் சர்வீஸ் ஆலோசகரிடம் சொல்வது ஒரு தாளில் ஏறி உள்ளே போகிறது. உள்ளே இருப்பவருக்கு அன்றைக்கு எத்தனையோ வண்டி. என் அனுபவத்திலும் நண்பர்கள் சொல்லக் கேட்டதிலும் ஏமாற்ற வேண்டும் என்று செய்த தவறு குறைவு, அவசரத்தில் விட்டுப்போனதே அதிகம். ஆனால் பில்டர் மாறாத இன்ஜினுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பழைய பில்டர் அடைத்துக்கொண்டால் அதற்குள் இருக்கும் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயில் நேராக பேரிங்குகளுக்குப் போகும்.

உத்தரவாதம் போய்விடும் என்ற பயத்தில் டீலரை விட்டு நகராதவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2017-இல் அப்போதைய சிங்கப்பூர்ப் போட்டித்தன்மை ஆணையம் தலையிட்ட பிறகு, முக்கிய டீலர்கள் தங்கள் உத்தரவாதத்திலிருந்து "எங்களிடம் மட்டுமே சர்வீஸ் செய்ய வேண்டும்" என்ற நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். வெளிப் பட்டறையில் ஆயில் மாற்றிய ஒரே காரணத்துக்காக உத்தரவாதம் முழுவதும் செல்லாது என்று சொல்லிவிட முடியாது. அந்தப் பட்டறையின் வேலையால்தான் பழுது வந்தது என்றால் அந்தப் பழுதுக்கு மறுக்கலாம். ஆகவே வெளியே போனால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் உத்தரவாதப் பத்திரத்தையும் ஒருமுறை முழுதாகப் படியுங்கள். நேரடி இறக்குமதிக் கார்களுக்கு உத்தரவாத விதிகள் வேறாக இருக்கலாம்.

டீலரிடமே கொடுத்து, நாமே சரிபார்ப்பது

எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். இதற்குக் கருவி தேவையில்லை. பெயின்ட் பேனா ஒன்று, டிஷ்யூ இரண்டு, கைப்பேசி, 15 நிமிடம் இருந்தால் போதும்.

முந்தின நாள் மாலை, வண்டி சமதரையில் நிற்கும்போது ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவி டிஷ்யூவில் ஒற்றிப் படம் எடுங்கள். கார்ப்பேட்டையின் சில தளங்கள் லேசாகச் சரிந்திருக்கும், அதனால் கொஞ்சம் பார்த்து நிறுத்துங்கள். கிலோமீட்டரையும் படம் எடுங்கள். பில்டர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருந்தால் அதன் மேல் ஒரு சின்னப் புள்ளி வையுங்கள். சில இன்ஜின்களில் மேலிருந்து பார்த்தாலே தெரியும். சிலவற்றில் அடியில் பிளாஸ்டிக் மறைப்பு போட்டிருப்பார்கள். அப்படியானால் கட்டாயப்படுத்தி எட்டிப் பார்க்க வேண்டாம். வண்டியை ஜாக்கியில் மட்டும் ஏற்றிவிட்டு அடியில் நுழைவது உயிருக்கு ஆபத்து.

ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட் எட்டினால், போல்ட்டின் தலையிலிருந்து ஆயில் தொட்டி வரை நேர்கோடாக ஒரு கீற்று போடலாம். போல்ட்டைக் கழற்றி மாட்டினால் அந்தக் கோடு பொருந்தாது. ஆனால் கோடு அப்படியே இருந்தால் உடனே சண்டைக்குப் போகாதீர்கள். சில இடங்களில், குறிப்பாகச் சில ஐரோப்பியக் கார்களுக்கு, டிப்ஸ்டிக் குழாய் வழியாகக் குழல் விட்டு ஆயிலை மேலிருந்தே உறிஞ்சி எடுக்கிறார்கள். அதுவும் ஏற்கத்தக்க முறைதான். போல்ட்டைத் தொடவே மாட்டார்கள். எந்த முறையில் எடுப்பார்கள் என்று முன்பதிவின்போதே கேட்டு வைப்பது நல்லது.

பில்டரிலும் இரண்டு வகை. டப்பா போல் இருக்கும் பில்டரை முழுதாகக் கழற்றி எறிவார்கள், அதில் நம் புள்ளி வேலை செய்யும். இன்னொரு வகையில் மூடிக்குள்ளே காகித பில்டர் மட்டும் இருக்கும். மூடி பழசாகவே இருக்கும், உள்ளே இருப்பது மாறியதா என்று வெளியிலிருந்து தெரியாது. அதற்கு ஒரே வழி, சாவியைக் கொடுக்கும்போதே "பழைய பில்டரை ஒரு பையில் போட்டு வையுங்கள், வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லி, வேலைத் தாளில் அதை எழுத வைப்பது. நான் இப்போது எந்த வகை பில்டராக இருந்தாலும் இதைச் சொல்கிறேன். பழைய பாகத்தைக் காட்ட வேண்டும் என்று தாளில் ஏறிவிட்டால், உள்ளே வேலை செய்கிறவர் அதை மறக்கமாட்டார்.

வண்டி திரும்பக் கிடைத்ததும் கட்டணம் செலுத்தும் முன், குறைந்தபட்சம் வாசலைத் தாண்டும் முன், போனட்டைத் திறங்கள். இன்ஜின் அணைந்து ஐந்து பத்து நிமிடம் ஆகியிருக்க வேண்டும். ஹைப்ரிட் கார் என்றால் இன்னும் கவனம் தேவை, சத்தமே இல்லாமல் இயங்கும் நிலையில் நிற்கும், அதனால் முழுதாக அணைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, முழுதாகச் செருகி, மறுபடி உருவிப் பாருங்கள். இரண்டு பக்கமும் பாருங்கள். ஆயில் இரண்டு குறிகளுக்கு நடுவே, மேல்குறியை ஒட்டி நிற்க வேண்டும்.

குறைந்தால்தான் ஆபத்து, கூடினால் நல்லதுதானே என்று நினைக்காதீர்கள். பல கார்களில் கீழ்க்குறிக்கும் மேல்குறிக்கும் இடையே சுமார் 1 லிட்டர்தான் இடைவெளி. மேல்குறியைத் தாண்டி நிறைய ஊற்றிவிட்டால், சுழலும் கிராங்க் தண்டு ஆயிலை அடித்து நுரையாக்கும். நுரைத்த ஆயிலில் காற்று கலந்திருப்பதால் அழுத்தம் நிற்காது, சீல்களிலும் கசிவு வரும். குறைவாக ஊற்றினால் வளைவில் திரும்பும்போதும் பிரேக் போடும்போதும் பம்ப் காற்றை உறிஞ்சும். அப்போது டாஷ்போர்டில் சிவப்பு ஆயில் குடுவை விளக்கு எரியும். எந்த விரைவுச்சாலையில் இருந்தாலும் ஓரம் கட்டி இன்ஜினை உடனே அணைத்துவிடுங்கள். வீடு வரை போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டாதீர்கள்.

நிறத்தை வைத்து முடிவு செய்யலாமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். மாற்றிய உடனே பெட்ரோல் இன்ஜினில் ஆயில் தேன் நிறத்தில் தெளிவாக இருந்தால் நல்ல அறிகுறி. ஆனால் பழைய ஆயில் கொஞ்சம் உள்ளேயே தங்கும் என்பதால் சில நாளில் கறுப்பது இயல்பு. டீசல் இன்ஜினில் ஒரு முறை ஓட்டிவிட்டு வந்தாலே கறுத்துவிடும். அதனால் நிறம் வாசலிலேயே பார்த்தால் மட்டும் சாட்சி. ஒரு வாரம் கழித்து "கறுப்பா இருக்கு, மாத்தவே இல்ல" என்று போய் நின்றால் அவர்கள் சொல்வதுதான் சரியாக இருக்கும். அளவும் பில்டரும்தான் உறுதியான சாட்சிகள்.

சில ஐரோப்பியக் கார்களில் டிப்ஸ்டிக்கே கிடையாது. திரையில் மெனுவுக்குள் போய் ஆயில் அளவைப் பார்க்க வேண்டும். அதை எப்படிப் பார்ப்பது என்று ஆலோசகரையே அங்கே வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

அப்புறம் ரசீது. "ஆயில் சர்வீஸ்" என்று ஒரே வரியில் முடித்திருந்தால் திருப்பிக் கொடுத்து விவரம் கேளுங்கள். எந்தத் தரம், எத்தனை லிட்டர், பில்டர், வாஷர், எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். என் வண்டியின் கையேட்டில் பில்டரோடு சேர்த்து 4.2 லிட்டர் என்று இருக்கிறது. ரசீதில் 5 லிட்டர் இருந்தால் ஏன் என்று கேட்பேன். டீலர்கள் பெரும்பாலும் பெரிய பீப்பாயிலிருந்து குழாய் வழியாக ஊற்றுவதால் காலிப் புட்டி காட்டச் சொல்ல முடியாது, அங்கே இந்த எண்தான் நம் பிடி. சர்வீஸ் நினைவூட்டல் விளக்கு அணைந்திருப்பதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு சொட்டு ஆயில் மாற்றாமலே அந்த விளக்கை அணைத்துவிடலாம்.

கடைசியாக வீட்டுக்கு வந்ததும் இன்ஜினுக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்துவிட்டுத் தூங்கப் போங்கள். டிரெயின் போல்ட் சரியாக முறுகாவிட்டாலும், வாஷர் பழசாக இருந்தாலும் காலையில் தாளில் வட்டம் தெரியும். பில்டர் மாற்றும்போது பழைய ரப்பர் வளையம் இன்ஜினோடு ஒட்டிக்கொண்டு, அதன் மேலேயே புதியதை மாட்டிவிடுவதும் நடக்கும் தவறுதான். இரண்டு வளையம் இருந்தால் அழுத்தம் தாங்காமல் ஆயில் மொத்தமும் கொட்டிவிடும். அடிமறைப்பு உள்ள வண்டியில் கசிவு அதிலேயே தேங்கிவிடும் என்பதால் தாள் சுத்தமாக இருந்தாலும் மறுநாள் டிப்ஸ்டிக்கை இன்னொரு முறை பாருங்கள்.

பக்கத்தில் நின்று பார்க்கக் கேட்பது

டீலரிடமே இதைக் கேட்கலாம். உள்ளே விட மறுப்பார்கள் என்று எதிர்பார்த்துப் போங்கள், லிஃப்ட்டுக்கு அடியில் வாடிக்கையாளர் நிற்பது பாதுகாப்புப் பிரச்சினை என்பது நியாயமான காரணம்தான். கண்ணாடிச் சுவர் வழியாகப் பார்க்கும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் பழைய பில்டரும் புதுப் பில்டரும் அருகருகே இருக்கும்படி ஒரு படம் அனுப்பச் சொல்லலாம். என்னைக் கேட்டால் படத்தைவிடப் பையில் போட்ட பழைய பில்டரே மேல். படம் வேறு வண்டியுடையதாகவும் இருக்கலாம்.

டாஷ்கேமை ஓடவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். வண்டி எப்போது லிஃப்ட்டில் ஏறியது, எவ்வளவு நேரம் இருந்தது என்று தெரியும். போனட் திறந்துவிட்டால் கேமராவுக்கு முன்னால் அதுதான் தெரியும், எந்த ஆயில், எவ்வளவு என்பது தெரியாது. நான் இதை நம்பி இருக்கமாட்டேன்.

சின் மிங், காக்கி புக்கிட், உபி பட்டறைகள்

வெளிப் பட்டறையின் பெரிய வசதி, நீங்கள் பக்கத்தில் நிற்கலாம். நல்ல பட்டறைக்காரர் ஆயில் புட்டியைக் கையில் கொடுத்து சீலைப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் திறப்பார். நான் சொன்ன அந்தத் தம்பி, "அக்கா, நீங்களே திறங்க" என்று கொடுத்துவிடுவார். மிச்சம் இருந்தால் மூடி இறுக்கி, வண்டியின் பின்பெட்டியில் வைத்துவிடுவார். அது உங்கள் காசில் வாங்கிய ஆயில், கேட்டு வாங்க வெட்கப்பட வேண்டாம்.

விலையும் டீலரைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் "4 லிட்டர் முழு சிந்தெடிக், பில்டர், கூலி எல்லாம் சேர்த்து" என்று வரும் பேக்கேஜை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். என் வண்டிக்கு 4 போதாது, 0.2 குறையும். அந்தக் குறையை என்ன ஆயிலால் நிரப்புவார்கள், அதற்குத் தனிக் காசா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். "முழு சிந்தெடிக்" என்பது தரத்தைச் சொல்லும் சொல்லும் அல்ல. புட்டியின் பின்பக்கம் பாருங்கள். ஜப்பானிய, கொரியக் கார்களுக்கு கையேட்டில் சொன்ன தடிப்பு எண்ணும் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) தரமும் வேண்டும். 2020-இல் வந்த எஸ்பி தரம் அதற்கு முந்தைய எஸ்என் தரத்தைவிட டர்போ இன்ஜின்களுக்கு நல்லது, குறைந்த வேகத்தில் எரிபொருள் முன்கூட்டியே பற்றிக்கொள்ளும் சிக்கலையும் டைமிங் செயின் தேய்வையும் தடுக்கிறதா என்று சோதிக்கும் தரம் அது. ஐரோப்பியக் காரென்றால் எம்பி 229.5, விடபிள்யூ 504 00, பிஎம்டபிள்யூ லாங்லைஃப்-04 போல உங்கள் கையேடு கேட்கும் அங்கீகார எண் அப்படியே புட்டியில் அச்சாகியிருக்க வேண்டும்.

இங்கே எல்லாப் பட்டறையிலும் கேட்கும் ஒரு பேச்சு உண்டு: "நம்ம ஊர் சூட்டுக்குக் கெட்டி ஆயில்தான் சரி, 0டபிள்யூ-20 தண்ணி மாதிரி, 10டபிள்யூ-40 ஊத்திக்கலாம்." இதைத் தயவுசெய்து ஏற்காதீர்கள். டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஆயில் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதற்கு, பின்னால் இருப்பது சூடானபின் எவ்வளவு தடிப்பாக இருக்கும் என்பதற்கு. இன்றைய இன்ஜின்களில் வால்வு நேரத்தை மாற்றும் பாகங்கள்கூட ஆயில் அழுத்தத்தில்தான் இயங்குகின்றன. அதன் பாதைகள் குறுகலானவை. கையேடு வெப்பநாடுகளுக்கு வேறு தடிப்பை அனுமதித்தால் போடலாம். மெக்கானிக்கின் ஊகத்துக்காகப் போடக் கூடாது.

பட்டறையில் பயப்பட வேண்டிய இன்னொன்று காற்றுத் துப்பாக்கி. பல ஜப்பானியக் கார்களில் டிரெயின் போல்ட்டுக்குத் தேவை சுமார் 30 முதல் 40 நியூட்டன் மீட்டர் முறுக்குதான். டயர் நட்டைக் கழற்றும் துப்பாக்கியை வைத்து அந்த போல்ட்டை இறுக்கினால் அலுமினியத் தொட்டியின் மரை வழுக்கிவிடும். ஆயில் மாற்றப் போனவர் தொட்டி மாற்ற வேண்டிய நிலைக்கு வருவார். கையால் முறுக்கத் தொடங்கி, முறுக்கு அளக்கும் ஸ்பேனரால் முடிக்கிறாரா என்று பாருங்கள். புது வாஷர் போடுகிறாரா என்றும் பாருங்கள், ஒரு வெள்ளி இரண்டு வெள்ளி விஷயம் அது.

நின்று பார்க்கும்போது இன்ஜின் ஃபிளஷ், ஆயிலில் கலக்கும் மருந்து என்று விற்பனை வரும். கையேட்டில் இல்லாததற்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், நான் ஒரு முறைகூட வாங்கியதில்லை.

வீட்டுக்கே வந்து செய்பவர்கள், கடலுக்கு அப்பால் போகிறவர்கள்

வீட்டு வாசலுக்கு வந்து ஆயில் மாற்றித் தரும் ஆட்கள் இருக்கிறார்கள். நீங்கள் கூடவே நிற்கலாம், அந்த வகையில் நல்லதுதான். ஆனால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார்ப்பேட்டை வண்டி பழுதுபார்க்கும் இடம் அல்ல, அங்கே செய்யச் சொல்லாதீர்கள். சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு மழைநீர் நீர்த்தேக்கங்களுக்குப் போகும் பகுதி. கார்ப்பேட்டை வடிகாலில் சிந்தும் ஆயில் நாம் குடிக்கும் தண்ணீரை நோக்கித்தான் போகிறது. தனி வீட்டில் இருப்பவர்களும், பழைய ஆயிலை அவர் எங்கே கொண்டு போகிறார் என்று கேட்டுக்கொண்டு கூப்பிடுங்கள்.

ஜொகூரில் விலை குறைவு என்பது உண்மை. பாலத்தில் நிற்கும் நேரமும் உண்மை. சிங்கப்பூர்ப் பதிவுக் கார் புறப்படும்போது பெட்ரோல் தொட்டி முக்கால்வாசி நிறைந்திருக்க வேண்டும், மலேசிய நுழைவு அனுமதியும் வேண்டும். எப்படியும் குடும்பத்தோடு போகிறீர்கள், தெரிந்த பட்டறை இருக்கிறது என்றால் போகலாம். அதற்காகவே போவதை நான் சொல்லமாட்டேன், மறுநாள் காலை செய்தித்தாளில் ஆயில் வட்டம் தெரிந்தால் மறுபடி பாலம் கடக்க வேண்டியிருக்கும்.

யாருக்கு எது

உத்தரவாதமும் இலவச சர்வீஸும் இருக்கும் புதுக் கார் என்றால் டீலரிடமே போங்கள், ஆனால் புள்ளி வைத்து, பில்டரைப் பையில் கேட்டு, வாசலில் டிப்ஸ்டிக்கைப் பார்த்து எடுங்கள். இலவச சர்வீஸைத்தான் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும் என்பேன், காசு கொடுக்காத இடத்தில் நாம் கேள்வி கேட்கத் தயங்குவோம். உத்தரவாதம் முடிந்த சாதாரண ஜப்பானிய, கொரியக் காருக்கு, நின்று பார்க்க விடும் வெளிப் பட்டறைதான் என் தேர்வு. நான் அதற்குத்தான் மாறிவிட்டேன். அங்கீகார எண் கேட்கும் ஐரோப்பியக் காருக்கு அந்தப் பிராண்டையே பார்க்கும் பட்டறை கிடைக்கும் வரை டீலர்தான் நல்லது.

வாடகைக் காரில் தனியார் வாடகை ஓட்டுநராக இருப்பவர்களுக்குத் தேர்வே குறைவு, நிறுவனம் சொல்லும் பட்டறைக்குத்தான் போக வேண்டும். ஒரு நாளில் 200 கிலோமீட்டர் ஓட்டினால் 50 நாளில் 10,000 கிலோமீட்டர். அவர்களுக்கு டிப்ஸ்டிக் பார்ப்பது வாரப் பழக்கமாக இருக்க வேண்டும். இன்னொரு பக்கம், வார இறுதியில் மட்டும் பேரங்காடிக்கு எடுப்பவர்கள், கிலோமீட்டர் ஏறவில்லையே என்று ஆயில் மாற்றாமல் விடக் கூடாது. ஐந்து நிமிட ஓட்டத்தில் இன்ஜின் முழுதாகச் சூடாகாது, உள்ளே சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கும். கையேட்டில் கிலோமீட்டரோடு மாதக் கணக்கும் இருக்கும், எது முதலில் வருகிறதோ அதைப் பின்பற்றுங்கள்.

வாசலில் தப்பு தெரிந்தால் குரலை உயர்த்த வேண்டியதில்லை. டிப்ஸ்டிக்கை ஆலோசகர் கண் முன்னால் காட்டி, படம் எடுத்து, "இதைச் சரிசெய்து தாருங்கள், வேலைத் தாளில் எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். அந்த நேரத்தில் அவர்களும் பெரும்பாலும் மறுக்காமல் திரும்ப லிஃப்ட்டில் ஏற்றுவார்கள். மறுத்தால், அல்லது அந்தத் தவறால் இன்ஜின் பழுதானால், முதலில் எழுத்தில் புகார், அதன் பிறகு சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம். அதற்கும் மசியவில்லையென்றால் சிறு கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை அங்கே கோரலாம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. கையில் இருக்க வேண்டியவை முந்தின நாள் படம், வாசலில் எடுத்த படம், லிட்டர் கணக்கோடு ரசீது, பையில் போட்ட பழைய பில்டர். என்னிடம் அன்றைக்கு இவற்றில் ரசீது மட்டும்தான் இருந்தது.